டேவிஸ்வில் ஜங்ஷன்

எனக்குச் சொந்த ஊர் விருத்தாசலம். ரயில்வே கேட்டுக்கு அடுத்த வீடு. எந்த வண்டி போகிறது என்று சத்தத்தை வைத்தே அப்பா சொல்லிவிடுவார். கலிஃபோர்னியாவில் டேவிஸுக்கு வந்த முதல் ராத்திரி, தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருந்தபோது ஒரு ஊதல் கேட்டது. இரண்டு நீளம், ஒரு குட்டை, மறுபடி ஒரு நீளம். எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

கணவருக்கு இங்கே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி வேலை. காலையில் சைக்கிளை எடுத்தால் இருட்டிய பிறகுதான் திரும்புவார். எனக்கு வேலை செய்யும் அனுமதி இன்னும் வரவில்லை, காரும் ஓட்டத் தெரியாது. நடந்துபோகிற தூரத்தில் ஸ்டேஷன் இருந்ததால் அங்கே போய் உட்கார ஆரம்பித்தேன். 1913இல் கட்டிய கட்டடம், வளைவு வளைவாக வாசல்கள். சாக்ரமென்டோவுக்கு ஒரு பாதை, சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பக்கம் ஒன்று, வடக்கே உட்லண்டுக்கு ஒன்று. அட, இதுவும் ஜங்ஷன்!

அப்புறம் நூலகத்தில் தேடித் தேடிப் படித்தேன். ஊரை ஒட்டி ஓடும் புட்டா ஓடையின் கரை பட்வின் பழங்குடி மக்களின் நிலம். ஸ்பானியர்களின் கிறிஸ்தவ மிஷன்களும் 1833இல் பரவிய கொள்ளைநோயும் அவர்களைச் சின்னாபின்னமாக்கின. இதைத் தெரிந்துகொள்ளாமல் இந்த ஊரின் கதையைத் தொடங்கக் கூடாது. 1850களில் ஜெரோம் டேவிஸ் என்பவர் அங்கே பெரிய பண்ணை வைத்தார். 1868இல் கலிஃபோர்னியா பசிஃபிக் ரயில்பாதை வந்தது, பண்ணை இருந்த இடத்தில் டேவிஸ்வில் என்று ஊர் முளைத்தது. சுற்றிலும் கோதுமை விளைந்தது. மூட்டைகள் ரயிலேறி வலேஹோ துறைமுகத்துக்குப் போய், அங்கிருந்து கப்பலில் போயின.

கோதுமைக்கு அப்புறம் பாதாம். எனக்கு மிகவும் நெருக்கமான பகுதி இதுதான். 1897இல் டேவிஸ்வில் பாதாம் விவசாயிகள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தார்கள். தனித்தனியாகப் போனால் வியாபாரி சொன்னதுதான் விலை என்பதால், விளைச்சலை ஒன்றாகச் சேர்த்து விற்றார்கள். எங்கள் தாத்தா முந்திரி மூட்டையோடு கமிஷன் மண்டியில் கைகட்டி நின்றதைப் பார்த்தவள் நான். அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தேன்.

நம் ஊர் வாதுமை வேறு, இந்தப் பாதாம் வேறு என்பதே இங்கே வந்துதான் தெரிந்தது. ஏப்ரலில் ஒரு மரத்தடியில் கிடந்த காயை எடுத்துப் பார்த்தேன். அப்படியே மாவடு! மேலே மட்டும் மெல்லிய பூனைமுடி. நகத்தால் கீறினால் உள்ளே பால் நிறத்தில் வழவழவென்று இளம்பருப்பு. உப்பில் ஊறப் போடலாமா என்றுகூட யோசித்தேன்.

பல்கலைக்கழகம் வந்த கதை வெண்ணெயில் தொடங்குகிறது. 1899இல் மாநிலக் கண்காட்சியில் பீட்டர் ஷீல்ட்ஸ் என்பவர் வெண்ணெய்ப் போட்டியைப் பார்க்கிறார். வெண்ணெயைத் தரம் பார்க்கத் தெரிந்தவர்கள் பென்சில்வேனியாவில் படித்தவர்கள். நம் மாநிலத்தில் ஏன் அப்படி ஒரு பள்ளி இல்லை என்று அவருக்கு உறுத்துகிறது. விடாமல் அலைந்தார், பண்ணைப் பள்ளி தொடங்க 1905இல் சட்டம் வந்தது. எங்களுக்குத்தான் வேண்டும் என்று பல ஊர்கள் போட்டி போட, 1906இல் டேவிஸ்வில்லைத் தேர்ந்தெடுத்து 779 ஏக்கர் வாங்கினார்கள். நல்ல மண், தண்ணீர், கூடவே ரயில். 1908இல் மாணவர்கள் வந்தார்கள். என் கணவர் தினமும் போகும் இடம் அந்தப் பண்ணைப் பள்ளி வளர்ந்ததுதான்.

1907இல் தபால் ஆபீஸ் 'வில்'லைக் கழற்றிவிட்டு டேவிஸ் என்று மட்டும் வைத்தது. 1917இல் அது நகரமானது.

இதையெல்லாம் படித்த பிறகு தெருவில் நடக்கும்போது கூச்சம் குறைந்தது. சனிக்கிழமைச் சந்தையில் பாதாம் விற்கும் அம்மாவிடம் நானே பேச்சுக் கொடுத்தேன். அந்த வருடம் மழை பூவைக் கொட்டிவிட்டதாம், நெடுநேரம் வருத்தப்பட்டார். முந்திரிப் பூவுக்கும் அதே கதிதான் என்றேன். ஒரு கை பாதாமை அள்ளி என் பையில் கூடுதலாகப் போட்டார்.

அன்று ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டு இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஊதல் கேட்டது. அம்மா பேச்சை நிறுத்திவிட்டு, "என்னடி, அங்கயும் கேட்டு போட்டுட்டானா?" என்றார்.