பிக்கு சாப்பிட்டா ஊர் வாய மூடும்

எச்ஐவி பத்தி சாமியாருங்களுக்கு ட்ரெயினிங்னு சொன்னா நம்ம ஊர்ல எப்படி இருக்கும்னு தெரியும்ல, ஒரு ஃப்ளெக்ஸ், குத்துவிளக்கு, நாலு பேர் பேசுவாங்க, "வெறுக்காதீங்க அன்பு காட்டுங்க"ன்னு சொல்லி சாப்பாடு போட்டு அனுப்பிடுவாங்க. அதனால எனக்கு இதுல பெருசா நம்பிக்கை இருந்ததில்ல, தாய்லாந்து கதைய படிக்கிற வரைக்கும்.

90கள்ல வட தாய்லாந்துல எய்ட்ஸ் ரொம்ப மோசம். அங்க சியாங் மாய்ல, பௌத்தப் பல்கலைக்கழகத்துல பாடம் எடுத்துட்டிருந்த லாரி மாண்ட்னு ஒரு ஆஸ்திரேலியாக்காரர், பிக்குகளோட சேர்ந்து 1997ல சங்க மெத்தான்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சார். நோய் எப்படி பரவும் எப்படி பரவாதுன்னு பாடம் ஒரு பக்கம், அதோட எச்ஐவி இருக்குறவங்களயே நேர்ல உக்கார வச்சு பேச விட்டாங்க. "எல்லாம் முன்வினை"ன்னு சொல்லிட்டு நகர்ந்துட்டிருந்த பிக்குகளுக்கு புத்தர் சொன்ன நாலு உண்மைய வச்சே புரிய வச்சாங்க. துக்கம் இருக்கு, அதுக்கு காரணம் இருக்கு, அத போக்க முடியும், போக்க வழியும் இருக்குன்னு.

எனக்கு ரொம்ப புடிச்சது அதுக்கப்புறம் நடந்ததுதான். அங்க காலைல பிக்கு பாத்திரத்தோட தெருவுல வருவார், சோறு போடுறது புண்ணியம். எச்ஐவி இருக்குற வீட்டு சோத்த அக்கம்பக்கத்துல எவனும் தொட மாட்டான். ட்ரெயினிங் முடிச்ச பிக்கு அவங்க கையால வாங்கி ஊர் ஜனம் பாக்கவே சாப்பிட்டார், அவ்ளோதான், ஒரு வார்த்தை பேசல. அவரே சாப்பிடுறப்போ அப்புறம் எவன் வாயத் தொறப்பான்? இன்னொன்னு, நர்ஸ் வந்தா தெருவே எட்டிப் பாக்கும், பிக்கு வந்தா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. இத பாத்து லாவோஸ், கம்போடியான்னு பக்கத்து நாட்டு பிக்குகளுக்கும் ட்ரெயினிங் போச்சு.

உகாண்டால கிடியோன் ப்யாமுகிஷான்னு ஒரு ஆங்கிலிக்கன் பாதிரியார், 1992லயே தனக்கு எச்ஐவி இருக்குன்னு வெளிப்படையா சொன்னவர். ஆப்பிரிக்காவுல அப்படி சொன்ன மொத மதகுரு அவர்தான். அது வேற லெவல் தைரியம், எல்லார்கிட்டயும் எதிர்பாக்க முடியாது.

நம்ம கதைக்கு வர்றேன். இந்தியாவுல எச்ஐவி மொதல்ல தெரிஞ்சதே 1986ல சென்னைல எடுத்த ரத்த சாம்பிள்லதான். 2004லேர்ந்து வைரஸ அடக்கி வைக்கிற ஏஆர்டி மாத்திரை கவர்மெண்ட்ல ஃப்ரீ, ஒழுங்கா சாப்பிட்டு ரத்தத்துல வைரஸ் தெரியாத அளவுக்கு கொறஞ்சிட்டா உடலுறவு மூலமா அடுத்தவங்களுக்கு பரவாது. இவ்ளோ இருந்தும் வீட்டுக்குள்ளயே தனித் தட்டு, தனி டம்ளர். (தனி டம்ளர் வைக்க நமக்கு சொல்லியா தரணும்.)

இங்க பூசாரி, பாதர், இமாம்னு யாருக்கு கிளாஸ் எடுத்தாலும் மைக்க எப்போ கீழ வைக்கணும்னு மொதல்ல சொல்லிக் குடுங்க. நல்ல மனசோடதான் செய்வாங்க, "நம்ம தம்பி இன்னாருக்கு இந்த நோய், எல்லாரும் ஜெபிப்போம்"னு கூட்டத்துல பேரச் சொல்லிடுவாங்க, அன்னிக்கே அந்தப் பையன் கத முடிஞ்சிது. 2017 எச்ஐவி சட்டப்படி சம்மதம் இல்லாம ஒருத்தரோட ஸ்டேட்டஸ வெளிய சொல்றது தப்பு, அது ஜெபத்துல சொன்னாலும் சரி.