தோணிக்காரர்களின் தூத்துக்குடி

தூத்துக்குடிக்கு வருகிறவர்களை முதலில் பனிமய மாதா கோவிலுக்குத்தான் கூட்டிப்போவார்கள். 1713-இல் எழுந்த கோவில், பார்க்க வேண்டியதுதான். நான் கூட்டிப்போனால் அதே பீச் ரோட்டில் பழைய துறைமுகத்துப் பக்கமும் போவோம். என் அப்பா தோணியில், அதாவது சரக்கு ஏற்றும் பாய்மரக் கலத்தில், தண்டலாக இருந்தவர். தண்டல் என்றால் தோணியின் தலைவர். எனக்கு ஊரின் கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முத்துக்காகப் போர்த்துகீசியர் வந்தார்கள். 1658-இல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்தார்கள், அப்புறம் ஆங்கிலேயர். யார் ஆண்டாலும் மூச்சை அடக்கிக் கடலுக்குள் இறங்கிச் சிப்பி எடுத்தது எங்கள் கரையோரத்து ஆட்கள்தான்.

ஆங்கிலேயர் காலத்தில் கரிசல் காட்டுப் பருத்தி இங்கே பொதியாகிக் கப்பலேறியது. கப்பலேறியது என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். கரையோரம் ஆழமே கிடையாது. நீராவிக் கப்பல்கள் சில மைல் தள்ளித்தான் நங்கூரம் போடும். அங்கேவரை சரக்கைக் கொண்டுபோனது தோணிகள். அலையில் ஆடும் தோணியிலிருந்து ஆடும் கப்பலுக்குப் பொதி ஏற்ற வேண்டும். கை நசுங்கியவர்களைப் பற்றி அப்பா நிறையச் சொல்லியிருக்கிறார்.

வ.உ.சி. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிக் கொழும்புக்குக் கப்பல் விட்டார். காலியா, லாவோ என்ற அந்த இரண்டு கப்பல்களின் பெயர் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்து அவரை நெருக்கியது. 1908-இல் அவரைச் சிறையில் போட்டார்கள். இன்றைய பெரிய துறைமுகத்துக்கு அவர் பெயர்தான்.

அந்த ஆழ்கடல் துறைமுகம் 1974-இல் வந்தது. கப்பல் நேராகத் தளத்தில் வந்து நின்றபோது, நடுவில் சரக்குச் சுமந்த தோணிகளுக்கு அந்த வேலை போயிற்று. மிச்சம் இருப்பவை மாலத்தீவுக்குப் போகின்றன. வெங்காயம், காய்கறி, கட்டுமானச் சாமான் எல்லாம் ஏற்றுவார்கள். பாயோடு இப்போது இன்ஜினும் உண்டு. அப்பா காலத்தில் பாய் மட்டும்தான். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றின் போக்கு பார்த்துத்தான் புறப்படுவார்கள்.

பழைய தண்டல்மார் சிலர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்த காற்றையும் நீரோட்டத்தையும் யாராவது உட்கார்ந்து கேட்டு எழுதிவைக்க வேண்டும். ஒரு பழைய தோணியைப் பாய்மரத்தோடு பீச் ரோட்டில் நிறுத்தி, பள்ளிக்கூடப் பிள்ளைகளை அதில் ஏற்றிக் காட்டவும் வேண்டும். கோவிலுக்கு வருகிறவர்கள் அப்படியே இதையும் பார்த்துவிட்டுப் போகலாம்.