உத்திரமேரூரில் ஒரு தை மாதம்

தை மாதத்து முற்பகல் ஒன்றில் காஞ்சிபுரத்திலிருந்து பேருந்தேறி உத்திரமேரூரை அடைந்தேன். முதலில் சுந்தர வரதராசப் பெருமாளைச் சேவித்தேன். ஒரே விமானத்தின் மூன்று நிலைகளில் நின்றும் இருந்தும் கிடந்தும் காட்சி தரும் பெருமானை முழுதாகச் சேவிக்கப் படியேறித்தான் ஆக வேண்டும். குவித்த கையில் தீர்த்தம் வாங்கிக்கொண்டு, பக்கத்திலுள்ள வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு நடந்தேன்.

இந்தக் கோயிலில் என் கண்கள் கருவறையைக் காட்டிலும் சுவரையே நாடின. முதலாம் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919, 921ஆம் ஆண்டுகளில், இவ்வூர்ச் சபையார் செய்துகொண்ட வியவஸ்தைகள், அதாவது ஏற்பாட்டு விதிகள், அதில்தான் வெட்டப்பட்டிருக்கின்றன. குடத்திலிட்ட பெயரோலையை எடுத்து ஆள் தேரும் குடவோலை முறை என்றதும் பலருக்கும் தேர்தல்தான் நினைவுக்கு வருகிறது. எனக்கோ அது, நெல்லையும் நீரையும் நம்பி வாழ்ந்த ஓர் ஊர் தன் காரியங்களை ஒழுங்குபடுத்திக்கொண்ட கதையாகவே படுகிறது. ஊர் குடும்பு என்னும் 30 பகுதிகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. கால் வேலி என்ற நில அளவுக்கு மேல் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் உடைய, 35 வயதுக்கு மேல் 70 வயதுக்கு உட்பட்டவர்களின் பெயர்களே ஓலையில் எழுதப்பட்டன. முன்பு வாரியம் என்னும் ஊர்க்குழுவில் இடம்பெற்றும் கணக்குக் காட்டாதவரோடு, அவருடைய தகப்பன், மகன், மருமகன், அத்தை மாமன் மக்கள், சிற்றவை பேரவ்வை (சின்னம்மா, பெரியம்மா) மக்கள் வரை விலக்கப்பட்டார்கள். உறவுமுறையை நன்கு அறிந்தவர்களே இப்படி ஒரு பட்டியலை எழுதியிருக்க முடியும்!

ஓலை எடுக்கும் முறையைச் சொல்லும் பகுதிதான் என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது. சபையார் நிறைந்திருக்க, கோயில் பூசகர்களான நம்பிமாரில் மூத்தவர் குடத்தை எல்லோரும் காணும்படி தூக்கிப் பிடிக்க வேண்டும். ஒன்றுமறியாத ஒரு பாலன் அதிலிருந்து ஓலையை எடுத்துக் கொடுக்க, நடுவராகிய மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் அதை ஏற்று, உரக்க வாசிக்க வேண்டும். விரலிடுக்கில் வேறோர் ஓலை ஒளிந்திருக்கலாகாது என்ற எச்சரிக்கையை இதைவிடத் தெளிவாக எவரும் எழுதிவிட முடியாது. சற்று முன் தீர்த்தத்துக்காகக் குவிந்திருந்த என் கையை நானே ஒருமுறை விரித்துப் பார்த்துக்கொண்டேன்.

இவ்வாறு எடுத்த ஓலைகளின்படி தோட்ட வாரியத்துக்கு 12 பேரும் ஏரி வாரியத்துக்கு 6 பேரும் அமர்ந்து, 360 நாள் காரியம் பார்த்தார்கள். பல்லவர் காலத்திலேயே வயிரமேக தடாகம் என்று பெயர் பெற்ற ஏரிதான் ஊரின் உயிர்நிலை. அதைத் தூர்வாருவதற்கென்றே பொன்னை முதலாக வைத்து, வட்டியைக் கொண்டு வேலை நடத்திய அறக்கட்டளைகளும் உண்டு. எனக்கு ஒரு குறையும் உண்டு. இது நான்மறை ஓதும் பிராமணர்களின் ஊரான சதுர்வேதிமங்கலம். நிலமுடையோரின் தகுதிகளை இத்தனை நுணுக்கமாகப் பேசும் இவ்விதிகளில், சேற்றில் இறங்கி உழுதவர்களுக்கும் கூடையில் வண்டல் சுமந்தவர்களுக்கும் ஓலை ஏதுமில்லை. பெருமாளின் சந்நிதியில் நின்றபடி இதை எண்ணியது அபசாரமாக எனக்குத் தோன்றவில்லை.

வெயில் தாழ்ந்த பின் ஏரிக்கரைக்குப் போனேன். கதிர் முற்றிய வயல்களுக்கு நடுவே, மதகை அடுத்த வாய்க்காலில் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "கோயிலுக்கு வந்தீங்களா?" என்று விசாரித்தார். கல்வெட்டில் ஏரியைப் பார்த்துக்கொள்ள 6 பேரை வைத்திருந்த செய்தியைச் சொன்னேன். அவர் தண்ணீரை ஒரு கணம் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஆறு பேரா? இந்த ஒரு வாய்க்காலுக்கே பத்தாதே, சாமி."