பாலை நிற்கிறதா

14 நவம்பர் 2018, புதன்
கடலூருக்கும் பாம்பனுக்கும் இடையே நாளை மாலை கஜா புயல் கரையைக் கடக்கும் என்று வானொலியில் சொன்னார்கள். ஆலங்குடிக்கும் கடலுக்கும் தூரம் அதிகம் என்று அவர் தேற்றுகிறார். வரத்து வாய்க்காலில் அடைத்திருந்த சருகை வாரிவிட்டு, வடக்குத் தாழ்வாரத்து ஓடுகளின்மேல் செங்கல் ஏற்றினேன். போய்ப் பாலை மரத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு வந்தேன்.

15, வியாழன்
இலைகூட அசையவில்லை.

16, வெள்ளி
இருட்டில் பிடித்த காற்று விடிந்த பிறகும் விடவில்லை. வாசலில் நின்றால் ஊருணிக் கரை தெரிகிறது.

17, சனி
தென்னை 84-இல் 71 போயிற்று. பலா நான்கும் சாய்ந்துவிட்டன. கரையிலுள்ள பனைகளில் ஒன்றுகூட விழவில்லை. வீரையும் காசானும் இலையுதிர்த்து நிற்கின்றன. தென்னை வேண்டாம் என்று நான் அன்று சொன்னதை அவர் தாமாகவே நினைவுபடுத்தினார். எனக்கு அழுகைதான் வந்தது, ஏனெனில் அந்தத் தேங்காய்ப் பணத்தில்தான் இந்த 22 ஆண்டுக் காடு வளர்ந்தது. மேற்குப் பாதையைத் தைலமரங்கள் அடைத்துக் கிடப்பதால் பாலைக்குப் போக வழியில்லை.

18, ஞாயிறு
மின்சாரம் இல்லை. நாற்றுகளுக்குக் கிணற்றில் இறைத்து ஊற்றினேன். அவர் வாளியைத் தொடக்கூடாது.

20, செவ்வாய்
பாலை நிற்கிறது. வடக்குக் கிளை பிளந்து தொங்குகிறது. முறிந்த வாயில் பால் கசிந்து, பிசின்போல் இறுகியிருந்தது. 1996-இல் கோயில் காட்டில் பொறுக்கி வந்த விதைகளில் மூன்று முளைத்து, இது ஒன்றுதான் தங்கியது. சப்போட்டா ஒட்டுக்கு வேர்க்கன்றாக வைக்கும் அளவுக்கு உறுதியான மரம், ஆனால் வளர்வதில் அவசரமே இல்லாதது. இன்னும் இரு கைகளால் அடிமரத்தைச் சுற்றிப் பிடித்துவிடலாம். பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

27, செவ்வாய்
உறக்கம் இல்லை. விழுந்த மரங்களைவிட, அவை திறந்துவிட்ட வெயில்தான் என்னை அச்சுறுத்துகிறது. நாங்கள் வந்தபோது இந்தப் பண்ணை முழுவதும் சீமைக் கருவேலமாக இருந்தது. வீட்டுக் கதவை அடையவே நான்கு நாள் வெட்டினோம். வெட்டினால் தழைக்கும், வேரோடு தோண்டினால்தான் தீரும் என்பதைக் கற்றுக்கொள்வதற்குள் இரண்டு ஆண்டுகள் போயின. ஆடுகள் நெற்றைத் தின்று புழுக்கையில் விதையைப் போடுகின்றன, நிழல் இருந்தவரை அது எழவில்லை, இப்போது நிழல் இல்லை, வேலியும் இல்லை.

29, வியாழன்
ஆடுகள் வந்தன. அவற்றை வளர்ப்பவர்களின் கூரையே பறந்துவிட்டது. அவர்களிடம் வேலியைப் பற்றி எப்படிப் பேசுவேன்?

3 டிசம்பர், திங்கள்
பிளந்த கிளையை அறுத்துவிட்டோம். அவர் நிழலில் நாற்காலி போட்டு அமர்ந்து, எந்த இடத்தில் அறுக்க வேண்டும் என்று சொன்னார்.

9, ஞாயிறு
பாலையின் கணுவொன்றில் சிவந்த தளிர். அங்கிருந்து பத்தடியில் மூன்று கருவேலங்கன்றுகள். இரண்டு முழுதாக வந்தன. மூன்றாவதன் ஆணிவேர் பாதியில் அறுந்துவிட்டது. நாளை கடப்பாரையோடு போக வேண்டும்.