பஸ் போர்டில் படித்த மலையாளம்

குமரி மாவட்டத்துக் குழித்துறைப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு மலையாளம் பேச யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, சந்தையிலும் பஸ்ஸிலும் தானாக வந்துவிடும். 1956 நவம்பர் 1 வரை நாமும் கேரளத்துக்கு முன்னோடியான திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில்தானே இருந்தோம்!

கல்லூரியில் படிக்கும்போது எழுத்தைப் பிடிக்க உட்கார்ந்தேன். அப்போதுதான் சங்கதி தெரிந்தது. நமக்கு ஒரே ஒரு ‘க’, அங்கே அந்த இடத்தில் நான்கு. கூட்டெழுத்துகள் வேறு. 1971இல் கேரள அரசு எழுத்துச் சீர்திருத்தம் செய்து, உகரக் குறிகளை மெய்யிலிருந்து தனியாகப் பிரித்தது. அதற்கு முந்தைய புத்தகத்தைத் திறந்தால் அதே எழுத்து வேறு முகத்தோடு நிற்கும்.

இலக்கணத்தில் ஒரு சலுகை உண்டு. நாம் போனேன், போனாய், போனான் என்று ஆளுக்கொரு விகுதி போடுவோம். அங்கே எல்லாருக்கும் ‘போயி’ போதும். (தேர்வுக்கு முந்தைய ராத்திரி இதைவிட நல்ல செய்தி கிடையாது.)

பாடப்புத்தகத்தைவிட எனக்குக் கைகொடுத்தது எல்லையிலுள்ள களியக்காவிளை வழியாக வரும் கேரள பஸ்களின் போர்டுதான். ஊர்ப்பெயர் ஏற்கெனவே தெரியும், எழுத்தை மட்டும் பொருத்தினால் சரி. புதிதாகப் படிக்கிற தம்பி தங்கைகள் நெய்யாற்றின்கரை என்ற ஊர்ப்பெயரில் ஆரம்பிக்கலாம்: ய்ய, ற்ற என்று இரண்டு கூட்டெழுத்து, கூடவே ஒரு சில்லெழுத்து (உயிர் சேராமல் தனி வடிவத்தில் நிற்கும் மெய்), எல்லாம் அந்த ஒரே போர்டில் கிடைக்கும்.