மூணு அதிகாரம், ஞாயித்துக்கிழமை அஞ்சு

மார்ச் 24, 2024, குருத்தோலை ஞாயிறு

அம்மாவுக்கு பைபிள் வாசிச்சுக் காட்டுறேன், தெனமும் மூணு அதிகாரம், ஞாயித்துக்கிழமை அஞ்சு. இன்னிக்கு 2 சாமுவேல் 6 முதல் 10 வரைக்கும். சவுல் ராஜாவோட பேரன் மேவிபோசேத் வந்துட்டான். 9ஆம் அதிகாரம் முடியிற எடத்துல அம்மா, அந்தக் கடைசி வரிய இன்னொருக்கா வாசின்னாங்க. தாவீது ராஜா பந்தியில தெனமும் ஒக்காந்து சாப்பிடுறான், சவுலோட நெலம் பூராத்தையும் திருப்பிக் குடுத்தாச்சு, உழுது குடுக்க சீபா இருக்கான், சீபாவுக்குப் பதினஞ்சு மகன்க, இருபது வேலைக்காரங்க, அம்புட்டையும் எழுதிட்டு கடைசியில அவனுக்கு ரெண்டு காலும் முடம்னு முடிக்குது. கால சரிபண்ணல. சரிபண்ணுங்கன்னு யாரும் கேக்கவும் இல்ல.

சாயங்காலம் அம்மா கால் சுகர் புண்ணோட கட்டப் பிரிச்சுப் பாத்தா பெருவிரல் ஓரம் அப்படியேதான் கறுத்திருக்கு.

மார்ச் 25, திங்கள்

தாவீது அடுத்தவன் பொண்டாட்டிகிட்ட பெத்த அந்தப் பச்சப்புள்ள என்ன செஞ்சுச்சு? தாவீது செஞ்சது தாவீதோட. ஏழாம் நாள் புள்ள செத்துப்போச்சு, ராஜா எந்திரிச்சு குளிச்சு சாப்பிட்டான். புள்ளய அடிச்சது கர்த்தர்னே எழுதிருக்கு. அம்மாகிட்ட இதக் கேக்கல. இங்க எழுதி வைக்கிறேன்.

மார்ச் 27, புதன்

திரும்பவும் மேவிபோசேத். 19ஆம் அதிகாரத்துல தாவீது திரும்பி வர்ற வரைக்கும் இவன் தன் காலப் பேணவே இல்லன்னு இருக்கு, தாடியும் ஒதுக்கல, துணியும் வெளுக்கல. அஞ்சு வயசுல தாதி தூக்கிட்டு ஓடும்போது விழுந்த காலு, இத்தன வருசம் யாரோ பாத்துக்கிட்டு வந்திருக்காங்க, இல்லன்னா பேணாம விட்டான்னு தனியா எழுத வேண்டிய அவசியம் என்ன.

ஜெபக்குழுவுல இருந்து ஒரு அக்கா வந்தாங்க. நல்லா ஜெபிச்சாங்க, அம்மாவும் அழுதாங்க. எந்திரிக்கும்போது சொல்றாங்க, ஆசா ராஜாவுக்கும் காலுலதான் நோய், அவன் கர்த்தரத் தேடாம டாக்டரத் தேடுனான், செத்தான், பாத்துக்கங்கம்மான்னு. சொல்லிட்டு காபியக் குடிச்சிட்டுப் போயிட்டாங்க. எனக்கு அடிவயிறு எரியுது. படுக்கையில கெடக்குற மனுசிகிட்ட, காலு உணர்ச்சி இல்லாம செருப்பு கடிச்சதே தெரியாமப் போன மனுசிகிட்ட, டாக்டர்கிட்ட போறது விசுவாசக் குறைச்சல்னு சொல்ல எப்படி மனசு வருது? அம்மா ஒண்ணுமே பேசல, அதுதான் பயமா இருக்கு.

மார்ச் 28, பெரிய வியாழன்

கோயில்ல இன்னிக்கு கால் கழுவுற ஆராதனை. நான் போகல.

மார்ச் 31

ஈஸ்டர். விடியக்கால ஆராதனைக்கு பக்கத்து வீட்டு டேனியல் அண்ணன் ஆட்டோவுல அம்மாவக் கூட்டிட்டுப் போய் வந்தோம். அம்மா முகத்துல அப்படி ஒரு தெளிச்சி. நரிமேடு ரோட்டுல அந்நேரத்துக்கே வெள்ளச் சேலையா இருந்துச்சு. வீட்டுக்கு வந்து வாசிச்சது சாலொமோன் ஆலயம் கட்டுற அதிகாரங்க, முழம் முழமா அளவு, நடுவுல தூங்கிட்டாங்க. நான் நிறுத்தல, அஞ்சையும் முடிச்சேன்.

ஏப்ரல் 2, செவ்வாய்

1 ராஜாக்கள் 13, 14, 15. ஆசா வருவான்னு நேத்தே தெரியும். 15ஆம் அதிகாரத்துல ஒரே வரி, வயசான காலத்துல கால்ல வியாதி இருந்துச்சுன்னு. அவ்வளவுதான்! டாக்டரப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. கொஞ்சம் முன்னாடி அவன் இருதயம் உயிரோட இருந்த நாளெல்லாம் கர்த்தரோட இணங்கி இருந்துச்சுன்னு நல்ல பேரு வேற. வேணும்னே அந்த ரெண்டு வரியையும் சத்தமா வாசிச்சேன். அம்மா கண்ணத் தெறந்து, "இவன் கத நாளாகமத்துலயும் வரும்ல தாயி"ன்னாங்க.

வரும். 2 நாளாகமம் 16. கணக்குப் போட்டுப் பாத்தேன், இப்படியே போனா ஏப்ரல் 26. தாண்டிப் போயிரலாமேன்னு நெனப்பு வருது, ஆனா அம்மாகிட்ட ஒரு அதிகாரத்தத் தாண்ட முடியாது. ஆயிரத்து நூத்தி எண்பத்தொம்பது அதிகாரமும் வருசா வருசம் முடிக்கிற ஆளு. இந்த வருசம் கண்ணுல பொர, அதான் நான் வாசிக்கிறேன்.

ஏப்ரல் 3

அம்மா தலகாணிக்கு அடியில மாத்திர. காலையிலதும் ராத்திரியோடதும்.

ஏப்ரல் 6, சனி

2 ராஜாக்கள் 4, சூனேம் ஊர்ப் பொம்பள. மகன் செத்து மாடியில கெடக்கான், சுகமான்னு கேட்டதுக்கு சுகந்தான்னு சொல்றா. அண்ணன் சென்னைல இருந்து போன் பண்ணப்ப அம்மாவும் "நல்லாருக்கேன்யா, நீ வேலயப் பாரு"ன்னாங்க.

ஏப்ரல் 8, திங்கள்

இன்னிக்கு 2 ராஜாக்கள் 11, 12, 13. எலிசா தீர்க்கதரிசி சாகுறான், அதுவும் வியாதியில. சூனேம் பையன எழுப்புனவன், நாகமானுக்குக் குஷ்டம் போக்குனவன், தனக்கு வந்த வியாதியிலதான் செத்தான். செத்தப்புறம் அவன் எலும்புல பட்ட பொணம் எந்திரிச்சு நிக்குது. எலும்புல அம்புட்டு வல்லமை இருந்துச்சே, உயிரோட இருந்தப்ப ஏன் எந்திரிக்கல? எலிசாவுக்கு விசுவாசம் பத்தலன்னு அந்த அக்கா சொல்வாங்களா?

அப்புறம் துரோப்பீமு. ராத்திரி தூக்கம் வராம 2 தீமோத்தேயு பொரட்டுனப்ப கண்ணுல பட்டுச்சு. மிலேத்துவுல வியாதிக்காரனா விட்டுட்டு வந்தேன்னு பவுல் எழுதுறாரு. துரோப்பீமு எபேசு ஊருக்காரன், அப்போஸ்தலர் 21ல இருக்கு. அதே எபேசுலதான் பவுல் மேல பட்ட உறுமால்ங்குற கைக்குட்டையக் கொண்டுபோய்ப் போட்டாலே நோய் போச்சுன்னு 19ல இருக்கு. கூடவே திரிஞ்ச ஆளுக்கு ஒரு உறுமால் கெடைக்கலயா? பவுல் காரணம் சொல்லல. அவன் குத்தம்னும் சொல்லல. குளிர்காலத்துக்கு முன்னாடி நீ வந்து சேருன்னு தீமோத்தேயுவக் கூப்பிட்டுட்டு கடுதாசிய முடிச்சிர்றாரு. யாரு பாத்துக்கிட்டாங்க அவன? மிலேத்துல இருந்து எபேசு ரொம்பத் தூரம் இல்லயே, வீட்டுல இருந்து யாராச்சும் வந்திருப்பாங்க. ஒரு தங்கச்சி இருந்திருக்கலாம்.

ஏப்ரல் 11, வியாழன்

ரம்ஜான். கோரிப்பாளையம் சுத்தி ஒரே கூட்டம், டிரெஸ்ஸிங்குக்குப் போய் வர மதியமாச்சு. கால்ல ரத்த ஓட்டம் பாக்குற டாப்ளர் ஸ்கேன் எடுக்கச் சொல்லிட்டாங்க.

வந்து, சாகக் கெடந்த எசேக்கியா ராஜா கதைய வாசிச்சோம். அழுதான், ஜெபிச்சான், கர்த்தர் கேட்டாரு, பதினஞ்சு வருசம் கூட்டிக் குடுத்தாரு. அதோட நிக்கலயே. ஏசாயா, அத்திப்பழத்து அடை கொண்டாங்கன்னு சொல்லி பிளவையில பத்துப் போட வைக்கிறான், அப்புறம்தான் பிழைச்சான். தீர்க்கதரிசியே மருந்து போடுறான்மா, கர்த்தர் வாக்குக் குடுத்தப்புறமும் மருந்து போடுறான்மான்னு நான் கத்தியே சொல்லிட்டேன். அம்மா சிரிச்சாங்க. ராத்திரி மாத்திரைய என் கண்ணு முன்னாடியே முழுங்குனாங்க. ஸ்தோத்திரம்.

ஏப்ரல் 14, ஞாயிறு

1 நாளாகமம். பேரு பேரு பேரா வருது.

ஏப்ரல் 19

ஓட்டுப் போட்டே தீருவேன்னு ஒத்தக் கால்ல நின்னாங்க. வீல்சேர்ல கூட்டிட்டுப் போனோம். வெயில் தாங்கல.

ஏப்ரல் 20, சனி

பெருவிரலும் அடுத்த விரலும் எடுக்கணுமாம். கீழ்க்கால்ல ரத்த ஓட்டம் இன்னும் இருக்கு, இப்பவே எடுத்தா காலக் காப்பாத்திரலாம், தள்ளிப்போட்டா முழங்காலுக்குக் கீழ எடுக்க வேண்டி வரலாம்னு டாக்டர் பொறுமையா படம் போட்டே சொன்னாரு. அம்மா, யோசிச்சுச் சொல்றேன் ஐயான்னாங்க. வீட்டுக்கு வந்து "வெள்ளிக்கிழமை சொல்றேன்"ன்னாங்க. ஏன் வெள்ளிக்கிழமைன்னு நான் கேக்கல. அவங்களும் கணக்குப் போட்டு வச்சிருக்காங்க.

ஏப்ரல் 22, திங்கள்

எதிர்சேவை, அழகர வரவேற்கிற திருவிழா. தல்லாகுளம் பக்கம் கால் வைக்க முடியாது, டிரெஸ்ஸிங்குக்கு நர்ஸ் போன்ல சொல்லச் சொல்ல நானே கட்டிட்டேன். பக்கத்து வீட்டு மதினி நீர்மோர் கொண்டாந்தாங்க, பானகம் சுகருக்கு ஆகாதுன்னு ஞாபகமா மோரா கொண்டாந்தாங்க. அழகர்கிட்டயும் வேண்டிக்கிட்டேன் அத்தன்னு அம்மா கையப் பிடிச்சுச் சொன்னாங்க. அம்மாவும் கைய விடல.

ஏப்ரல் 25, வியாழன் ராத்திரி

16ஆம் அதிகாரத்தத் தனியா வாசிச்சுப் பாத்தேன். ராஜாக்கள் எழுதுனவர் சொல்லாததை நாளாகமம் எழுதுனவர் ஏன் சேத்தாரு? அவர் எழுதுன காலம் பிந்தினது, பாபிலோன் சிறையிருப்புக்கு அப்புறம், எல்லாத்தையும் இழந்துட்டு வந்த சனத்துக்கு எழுதுறாரு, யாரச் சார்ந்து இருந்தோம்ங்குறதுதான் அவருக்குப் பெரிய கேள்வி. அது புரியுது. ஆனா அந்த ஒரு வசனத்த மட்டும் பிச்சு எடுத்து நோயாளி தலமாட்டுல வச்சுட்டுப் போறாங்களே.

நம்ம வாக்குத்தத்தக் காலண்டர்ல போடுற, கர்த்தருடைய கண்கள் பூமியெங்கும் உலாவிக்கொண்டிருக்கிறதுங்குற வசனம் இந்த அதிகாரத்துலதான் இருக்கு, 9ஆம் வசனம். ஆசாவத் திட்டும்போது சொன்னது அது. இத்தன வருசம் பாத்தும் நான் கவனிச்சதில்ல.

ஏப்ரல் 26, வெள்ளி

வாசிச்சேன். கொரல் நடுங்குச்சு, நிறுத்தாம வாசிச்சேன். முப்பத்தொம்பதாம் வருசம் கால்ல வியாதி, நாப்பத்தொண்ணுல மரணம்.

அம்மா கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, அதிகாரத்த மொதல்ல இருந்து வாசின்னாங்க. திரும்ப வாசிச்சேன். ஆலயத்து வெள்ளியையும் பொன்னையும் எடுத்து சீரியா ராஜாவுக்கு அனுப்புனது, அனானி தீர்க்கதரிசி வந்து கேட்டப்ப அவனப் பிடிச்சுக் காவல்ல போட்டது, சனத்துல சிலர நசுக்குனது. அம்மா சொன்னாங்க, "இவன் காலு நோகுறதுக்கு முன்னாடியே பேச்ச நிறுத்திட்டான்டி. டாக்டர்கிட்ட போனான்னு இல்ல, அங்க போயும் கர்த்தர்கிட்ட பேசல. நான் எந்நேரமும் பேசிக்கிட்டுல்ல கெடக்கேன்."

எனக்கு அது முழுசா சரியான்னு தெரியல. அரசரடி இறையியல் கல்லூரியில படிச்ச நம்ம பழைய ஆயர்கிட்ட கேக்கணும்.

17ஐயும் முடிச்சுட்டு, டாக்டருக்குப் போன் போடுன்னாங்க. திங்கக்கிழமை அட்மிஷன். அண்ணன் பாண்டியன் ரயில்ல ஞாயித்துக்கிழமை காலைல வந்துர்றான், கையெழுத்து அவன் போடுவான். வார்டுல ராத்திரி ஒருத்தர்தான் தங்கலாம், நான்தான் தங்குவேன்னு சொல்லிட்டேன், பெரிய எழுத்து பைபிள் ரொம்பக் கனம், சின்னதுல வாசிக்க எனக்குக் கண்ணாடி மாத்தணும், நாளைக்கு 18, 19, 20