சொன்ன திகதி, செய்த திகதி: என் லெவல் 3 வரலாற்றுச் சோதனை

போன கிழமை பெறுபேறு வந்தது. நியூசிலாந்துப் பள்ளிக்கூடக் கடைசி வருடத்து லெவல் 3 வரலாற்றில், ஒரு நிகழ்வின் காரணத்தையும் விளைவையும் ஆராயும் தாளுக்கு எக்ஸலன்ஸ், அதாவது உச்சப் பெறுபேறு. செப்டெம்பர் மாதிரிச் சோதனையில் இதே தாளுக்கு அச்சீவ்டு, அதாவது வெறும் சித்தி மட்டும்தான், அதுவும் தட்டுத்தடுமாறி. அதனால் இதில் கொஞ்சம் துள்ளல் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்து இந்தத் தாளை எழுதப் போகிறவர்களுக்குத்தான் இது, தாளின் அமைப்பு உங்களுக்கே தெரியும், அதற்குள் போகவில்லை.

நான் எடுத்த நிகழ்வு 1863 வைக்காட்டோ படையெடுப்பு, ஆக்லாந்துக்குத் தெற்கே நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளின் நிலத்துக்குள் அரசு படை அனுப்பியது. மாதிரிச் சோதனையில் ஏழு பக்கம் எழுதினேன். 1840இல் மாவோரித் தலைவர்களும் பிரித்தானியாவும் செய்த வைதாங்கி ஒப்பந்தத்தில் தொடங்கி, 1858இல் போதாதாவ் தே வெரோவெரோ மாவோரி அரசரானது, 1860 தரனாக்கிச் சண்டை, ரங்கிரிரி, ஓராக்காவ் சண்டைகள் என்று ஒரு ஸ்டேஷன் விடாமல் நின்று போகிற ரயில் மாதிரிக் கதை ஓடியது. ரீச்சர் ஓரத்தில் எழுதியது மூன்றே சொல்: "சரி, அதனால் என்ன?" வந்த கோபத்தில் இரண்டு நாள் அந்தத் தாளைத் தொடவில்லை.

விடை கிடைத்தது பஸ்ஸில். வீடு தெற்கு ஆக்லாந்தில் மனுரேவாவில், பஸ் கிரேட் சவுத் றோட்டால்தான் போகும். கார் விற்கிற இடமும் பொரித்த கோழிக் கடையுமாகக் கிடக்கிற அந்தத் தெருவைத் தெற்கே மாவோரி அரசரின் எல்லையான மாங்கதாஃபிரி ஓடை வரைக்கும் நீட்டியது ஆளுநர் கிரேயின் உத்தரவில் படையினர், 1862இல். ஆக்லாந்தைத் தாக்க மாவோரிகள் திட்டமிடுகிறார்கள், அதனால்தான் படை அனுப்புகிறோம் என்று அரசு சொன்னது 1863 ஜூலையில். அப்படியானால் றோட் எதற்கு முதலே?

அன்றைக்கு இரவே ஒரு தாளை நடுவில் கோடு போட்டேன். இடப்பக்கம் அரசு சொன்னதும் அதன் திகதியும், வலப்பக்கம் செய்ததும் அதன் திகதியும். வைக்காட்டோ மாவோரிகளுக்கு ஜூலை 11 திகதியிட்ட எச்சரிக்கை அறிவித்தல், ஆனால் அது போய்ச் சேருவதற்கு முன்பே ஜூலை 12இல் பிரித்தானியத் தளபதி ஜெனரல் கமரனின் படை ஓடையைக் கடந்துவிட்டது. "கலகக்காரர்" நிலத்தைப் பறிக்க வழிசெய்த குடியேற்றச் சட்டம் வந்தது 1863 டிசம்பரில், ஆனால் ஆளுக்கு 50 ஏக்கர் தருகிறோம் என்று அவுஸ்திரேலியாவில் போர்க்குடியேறிகளை (படையில் சேர்ந்து பிறகு அங்கேயே குடியேறுகிறவர்களை) சேர்க்கத் தொடங்கியது ஓகஸ்டிலேயே. இல்லாத நிலத்தையா வாக்குக் கொடுத்தார்கள்? கடைசியில் வைக்காட்டோவில் பறிபோனது சுமார் 12 லட்சம் ஏக்கர். நிலப்பசியா, மாவோரி அரசரைச் சுற்றி எழுந்த அரசர் இயக்கத்தின் அதிகாரத்தை உடைப்பதா, எது முதற்காரணம் என்ற வாதத்தில் இந்த இரண்டு பக்கத்தையும் வைத்தால் வாதம் தானாகவே எழும்பும். நான் இரண்டையும் பிரிக்க முடியாது என்று எழுதினேன். பிடிவாதமாக ஒரு பக்கம் நிற்பவர்கள் ஒரு பக்கமே நில்லுங்கள், அது எனக்கு வராது.

அப்புறம் வைதாங்கி ஒப்பந்தம். இதைப் பின்னணி என்று மூன்று வரியில் முடிக்காதீர்கள். ஆங்கிலப் பிரதியில் மாவோரித் தலைவர்கள் கொடுத்தது இறைமை. மிஷனரி ஹென்றி வில்லியம்ஸும் மகனும் ஒரே இரவில் மொழிபெயர்த்த மாவோரிப் பிரதியில் இருப்பது காவனதங்க. கவர்னர் என்ற சொல்லை மாவோரி வாய்க்கு மாற்றி ஒரு விகுதி ஒட்டியது, நாங்கள் "கவர்னர்தனம்" என்று சொன்னால் எப்படி இருக்கும், அப்படி. மாவோரித் தலைவர்களின் 1835 சுதந்திரப் பிரகடனத்தில் இறைமைக்கு "மனா" என்ற சொல்லும் இருந்தது, 1840இல் அதைக் காணோம். இரண்டாம் பிரிவில் நிலம் மீதான முழுத் தலைமை, ரங்கதிரதங்க, மாவோரிகளிடமே இருக்கும் என்று வேறு இருக்கிறது. கையெழுத்துப் போட்ட சுமார் 540 பேரில் 39 பேர்தான் ஆங்கிலப் பிரதியில் போட்டார்கள். வீட்டில் தமிழும் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலமுமாக வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க யாரும் தேவையில்லை, இந்தப் பந்தியை எழுதும்போதுதான் எனக்குக் கை நடுங்காமல் ஓடியது.

1860 தரனாக்கிச் சண்டையைத் தொடக்கிய வைதாரா காணியும் அப்படித்தான், பின்னணி என்று தள்ளாதீர்கள். பங்காளிகளில் ஒருவரான தே தெய்ரா விற்கிறேன் என்றார், தலைவர் விரேமு கீங்கி விடமாட்டேன் என்றார், அரசு தே தெய்ராவிடமே வாங்கியது. பங்குக் காணியை ஒருவர் மட்டும் உறுதி எழுதிக் கொடுத்தால் ஊரில் என்ன நடக்கும் என்று அம்மம்மாவிடம் கேட்டேன், ஒரு மணித்தியாலம் பேசினார்.

இனிச் சில்லறைகள்:

- ஆறு திகதி போதும், ஆனால் ஆறும் மாதத்தோடு.
- விளைவை 1864இல் நிறுத்தாதீர்கள். மாவோரிகளின் பொதுக் காணியைத் தனியாள் உரிமையாக மாற்றிய 1865 காணி நீதிமன்றம், 1995இல் வைக்காட்டோ-தைனுய் குலத்துக்கு இழப்பீடு 17 கோடி டொலர், மன்னிப்பு அடங்கிய அந்தச் சட்டத்தில் எலிசபெத் அரசி நேரில் கையெழுத்திட்டது. என் விடையில் ரீச்சருக்குப் பிடித்தது இதுதான்.
- மேற்கோள் பாடமாக்கவில்லை. எனக்கு நினைவில் நிற்காது. நிற்பவர்கள் செய்யுங்கள்.
- மாவோரிப் பெயர்களைச் சரியாக எழுதிப் பழகுங்கள், நெடில் கோடு (ā, ō மாதிரி எழுத்தின் மேல் வருவது) உட்பட.
- காலையில் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். நான் போகவில்லை, மூன்றாவது மணித்தியாலத்தில் பாண் நினைவுதான்.

ஸ்கொலர்ஷிப் தாளைப் (லெவல் 3க்கு மேலான தனிச் சோதனை) பற்றி என்னிடம் கேட்காதீர்கள். அதில் கோட்டை விட்டேன், திரும்பவும் கதைதான் சொன்னேன்.